காற்றுக்குக் கூலி கொடுக்காதீர்கள்: சின்னத் தின்பண்டத் தொழிலில் விலையேற்றத்தைச் சமாளிக்கும் வழி

மதுரையில் வீட்டிலிருந்தோ ஒரு சின்ன ஷெட்டிலிருந்தோ முறுக்கு, சீவல், இட்லிப் பொடி, ஊறுகாய் என்று போட்டு விற்க ஆரம்பிப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் ஒரே புலம்பலுக்கு வந்துவிடுவார்கள்: எண்ணெய் ஏறிப்போச்சு, பருப்பு ஏறிப்போச்சு, கொரியர்க்காரன் ஏத்திட்டான், கையில் ஒன்றும் நிற்கவில்லை. புலம்பல் நியாயமானதுதான். ஆனால் எந்த ஏற்றம் எவ்வளவு வலிக்கிறது என்று பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் எண்ணெய்க்குக் கவலைப்பட்டுக்கொண்டு பார்சலில் பணத்தை விடுகிறார்கள். அதைக் கணக்கோடு காட்டவே இந்தக் கட்டுரை. மாதம் இருபதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை விற்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அதற்குமேல் போனவர்களுக்குக் கணக்குப்பிள்ளை இருப்பார்.

முதல் வேலை: ஒரு பாக்கெட்டுக்கு என்ன ஆகிறது?

"நாற்பதாயிரத்துக்குச் சரக்கு வாங்கினேன், ஐம்பத்தைந்துக்கு விற்றேன், பதினைந்து லாபம்" என்று மாதக் கணக்குப் போட்டால் ஓட்டை எங்கே என்று தெரியாது. ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு தடவை சுட்டு எடுப்பதற்கு, கணக்குப் போடுங்கள். ஒரே நாளில், ஒரே ஆள் வைத்துச் சுட்ட பத்துக் கிலோ முறுக்கை எடுத்துக்கொள்வோம். கீழே இருக்கும் விலைகள் கணக்கைப் புரியவைக்க நான் வைத்துக்கொண்டவை. உங்கள் பில்லில் இருக்கும் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

அரிசி மாவு ஆறரை கிலோ, கிலோ 50 ரூபாய் என்றால் 325. உளுந்து மாவு 800 கிராம், கிலோ 140 என்றால் 112. வெண்ணெய் 300 கிராம், 168. எள், சீரகம், பெருங்காயம், உப்பு எல்லாம் சேர்த்து 95. எண்ணெய் மூன்று லிட்டர், லிட்டர் 150 என்றால் 450. சாமான் மட்டும் 1,150 ரூபாய். கேஸ் 120, ஆள் கூலி 500 சேர்த்தால் 1,770.

இதில் உடைசல், தூள், கருகியது என்று அரைக் கிலோ போகும். விற்கக்கூடியது ஒன்பதரை கிலோ, அதாவது 250 கிராம் பாக்கெட் 38. ஒரு பாக்கெட்டுக்கு 46 ரூபாய் 58 காசு. கவர், லேபிளுக்கு நாலு ரூபாய் போட்டால் ஏறத்தாழ 50 ரூபாய் 60 காசு. இதுதான் உங்கள் அடக்க விலை.

இந்தக் கணக்கில் புதியவர்கள் விட்டுவிடும் இடங்கள் சில உண்டு. வீட்டில் அம்மாவோ அத்தையோ பிழிந்து கொடுத்தால் கூலியே போடுவதில்லை. அது பெரிய ஏமாற்று. நாளைக்கு அவருக்கு முட்டி வலி என்றால் ஆள் வைத்துத்தான் ஆக வேண்டும், அப்போது விலை கட்டாது. வெளி ஆளுக்கு என்ன கொடுப்பீர்களோ அதைப் போடுங்கள். அடுத்தது எண்ணெய் எவ்வளவு குடிக்கிறது என்பது. சுடுவதற்கு முன் சட்டியோடு எண்ணெயை எடை போடுங்கள், நடுவில் ஊற்றியதையும் குறித்துக்கொண்டு, முடிந்து ஆறியபின் மறுபடி எடை போடுங்கள். முறுக்கு, சீவல் வகையில் எடையில் கால் பங்கு எண்ணெயாக இருப்பது சாதாரணம். அதற்கு மேலே போனால் மாவின் பதத்தையோ எண்ணெயின் சூட்டையோ பார்க்க வேண்டும். பொடி போடுகிறவர்களுக்கு வேறு கணக்கு: வறுத்தால் பருப்பு எடை இறங்கும், மிளகாய் வத்தலில் காம்பு கிள்ளினால் எடை போகும், மாவு மில்லில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். மில்லுக்குப் போன எடையையும் வந்த எடையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

இப்போது எண்ணெய் விலை இருபது சதவீதம் ஏறியது என்று வைத்துக்கொள்வோம். 450 இருந்த இடத்தில் 540. கூடுதல் 90 ரூபாயை 38 பாக்கெட்டுக்குப் பிரித்தால் பாக்கெட்டுக்கு 2 ரூபாய் 37 காசு. லிட்டருக்கு முப்பது ரூபாய் ஏறினால் ஊரே அலறும். உங்கள் பாக்கெட்டில் அது இரண்டேகால் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பார்சல் பகுதியில் வேண்டியிருக்கும்.

எது ஏன் ஏறுகிறது

எல்லாப் பொருளும் ஒரே காரணத்துக்காக ஏறுவதில்லை. காரணம் தெரிந்தால் எதை வாங்கி அடுக்கலாம், எதை அவ்வப்போது வாங்கலாம் என்பது தானாகப் பிடிபடும்.

சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் நம் நாட்டுக்கு வெளியிலிருந்து வருகிறது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து. சூரியகாந்தி எண்ணெய் ரஷ்யா, உக்ரைன், அர்ஜென்டினாவிலிருந்து. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தியபோது மதுரையின் மொத்தக் கடைத்தெருவான கீழமாசி வீதியில் டின் விலை எகிறியது அதனால்தான். அப்புறம் இங்கே வரி. 2024 செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் மொத்த இறக்குமதி வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமானது. 2025 மே கடைசியில் அதை 16.5 சதவீதத்துக்கு இறக்கினார்கள். இப்படி ஜகார்த்தாவிலும் டெல்லியிலும் ஒரு கையெழுத்தில் மாறும் விலையை நாம் ஊகிக்க முடியாது. ஆகவே எண்ணெயை மொத்தமாக வாங்கி அடுக்கிவைத்துச் சூதாட வேண்டாம். இரண்டு மூன்று வாரச் சுடலுக்கு வேண்டியது கையிருப்பில் இருந்தால் போதும்.

வத்தல், புளி இரண்டும் வேறு சாதி. அவை நம் பக்கத்துச் சரக்கு, பருவத்தில் விளைபவை. ராமநாதபுரம் முண்டு வத்தல் மாசி, பங்குனியில் வரத்துக்கு வரும், புதுப் புளியும் ஏறத்தாழ அந்த நேரம்தான். வரத்து நாளில் வாங்கியவருக்கும் ஐப்பசியில் வாங்கியவருக்கும் உள்ள விலை வித்தியாசமே ஊறுகாய்க்காரரின் லாபம். கையில் பணம் இருந்தால் போட வேண்டிய இடம் இது. ஒன்றே ஒன்று: புது வத்தலில் ஈரம் இருக்கும். வெயிலில் இரண்டு மூன்று நாள் நன்றாகக் காயவைத்து, கையில் நொறுங்கும் பதம் வந்தபின் கட்டுங்கள். ஈரத்தோடு கட்டிய மூட்டையில் பூஞ்சை பிடித்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

உளுந்து, துவரையில் ஒரு பங்கு மியான்மரிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் வருகிறது. அதனால் இங்கே விளைச்சல் நன்றாக இருந்தும் விலை இறங்காத நேரம் உண்டு. ஒரு மாத இருப்புக்கு மேல் வேண்டாம், வண்டு வைக்கும். தேங்காய் பற்றிச் சொல்லவே வேண்டாம்: 2025 நடுவில் தேங்காய் எண்ணெய் அதுவரை காணாத விலைக்குப் போனபோது, தேங்காய்ப் பொடியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டவர்கள் பிழைத்தார்கள்.

கவர், பவுச் எல்லாம் பெட்ரோலியக் கச்சா எண்ணெய் விலையோடு போகும் பொருள், அதிலும் நம் கை ஓங்காது. வணிக கேஸ் சிலிண்டர், அதாவது 19 கிலோ சிலிண்டர், பொதுவாக மாதத்தின் முதல் தேதியில் விலை மாறும். வீட்டு சிலிண்டரை வைத்துத் தொழில் செய்வது சட்டப்படி தப்பு, மாட்டினால் சிலிண்டரே பறிபோகும். அதனால் கணக்கில் வணிக சிலிண்டர் விலையையே போடுங்கள்.

வாங்கும் இடம், வாங்கும் முறை

மளிகை, பருப்பு, எண்ணெய்க்குக் கீழமாசி வீதி. காய்கறி, சின்ன வெங்காயம், எலுமிச்சைக்கு மாட்டுத்தாவணி அல்லது பரவை. இவை மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எப்படிக் கேட்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். கடைக்குப் போய் "உளுந்து கிலோ எவ்வளவு?" என்று கேட்டால் சில்லறை விலைதான் வரும். "அண்ணாச்சி, மூட்டை என்ன ரேட்டு? ரொக்கம்னா என்ன, பதினைஞ்சு நாள்னா என்ன?" என்று கேளுங்கள். இரண்டு விலை சொல்வார். நூறு ரூபாய்ச் சரக்குக்குப் பதினைந்து நாள் கடனுக்கு ஒரு ரூபாய் கூட என்றால் சின்னதாகத் தெரியும். அது மாதத்துக்கு இரண்டு சதவீதம், வருடத்துக்கு இருபத்து நாலு. வங்கியில் இதைவிடக் குறைந்த வட்டிக்குப் பணம் கிடைக்கும். ரொக்கத்துக்கு வாங்கும் நிலைக்கு முதலில் ஒரே ஒரு பொருளிலாவது வந்துவிடுங்கள். உங்கள் கணக்கில் எது பெரிய செலவோ அதில் ஆரம்பியுங்கள்.

ஒரு மூட்டை உங்களுக்கு அதிகம் என்றால் அதே தெருவில், அதே குழுவில் பொடி போடுகிற இன்னொருவரோடு சேர்ந்து வாங்கலாம். கூட்டு வாங்கலில் சண்டை வருவது விலையில் அல்ல, பிரிப்பதில். கடை வாசலிலேயே தராசில் பிரித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

விருதுநகர் போனால் இன்னும் குறையும் என்று எல்லாரும் சொல்வார்கள். எண்ணெய், பருப்பு, வத்தலுக்கு அது பழம்பெரும் மொத்தச் சந்தை, அங்கத்திய விலை நிலவரத்தைப் பார்த்துத்தான் இந்தப் பக்கத்து வியாபாரமே நடக்கிறது. ஆனால் கிலோவுக்கு மூன்று ரூபாய் மிச்சம் பிடிக்க நூறு கிலோவுக்காக ஒரு நாள் வேலையை விட்டுப் போய், வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி கொடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. விலை நிலவரத்தைத் தெரிந்துகொண்டு அதை வைத்துக் கீழமாசி வீதியில் பேரம் பேசுவது சின்ன ஆளுக்கு லாபம். ஐந்நூறு கிலோவைத் தாண்டும்போது போகலாம்.

எண்ணெய் டின்னில் ஒரு விஷயம் கவனியுங்கள். 15 லிட்டர் டின்னும் 15 கிலோ டின்னும் ஒன்றல்ல. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான். அப்படியானால் 15 லிட்டர் என்பது 13.65 கிலோ, 15 கிலோ என்பது ஏறத்தாழ பதினாறரை லிட்டர். "டின் ஐம்பது ரூபாய் கம்மி" என்று சொன்னால் டின்னில் அச்சடித்த எடையைப் படித்துக் கிலோவுக்கு என்ன விலை என்று வகுத்துப் பாருங்கள். பாக்கெட் எண்ணெயிலும் இப்படித்தான், கிராமைப் படிக்காமல் விலையை ஒப்பிட வேண்டாம்.

பில் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் நெய், வெண்ணெய், பாக்கெட் மிக்சர், காராச்சேவு வகைகள், அட்டைப் பெட்டி ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. பெட்டிக்காரர் அதை உங்களுக்கு இறக்கிக் கொடுத்தாரா என்று பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பில் இல்லாமல் வாங்கியவருக்குக் கேட்க வாயில்லை.

அடுப்படியில்

இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் மிச்சம் பிடிக்கக்கூடிய இடம் குறைவு. உடைசலைத் தூக்கிப் போடாமல் குறைந்த விலைக்கு "உடைசல் முறுக்கு" என்றே விற்கலாம், டீக்கடைகள் வாங்கும். ஒரே நாளில் ஒரே வகையை அதிகம் சுட்டால் கேஸ் மிச்சம்.

ஒரு சிக்கனத்தை மட்டும் செய்யாதீர்கள்: எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது. சுட்ட எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்வதால் உண்டாகும் கெட்ட பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் விதி. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அதைச் சோதிக்கும் கருவியோடு வருகிறார்கள். விதி இருக்கட்டும், பழைய எண்ணெயில் சுட்டது பத்தாம் நாளே சிக்கு வாடை அடிக்கும். பெங்களூருக்கு அனுப்பிய பாக்கெட் பிரித்ததும் அந்த வாடை வந்தால் அந்த வாடிக்கையாளர் திரும்பமாட்டார். மீந்த எண்ணெயைப் பயோடீசலுக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கிலோவுக்குச் சில ரூபாய் வரும், அதைக் கணக்கில் வரவு வையுங்கள்.

அதேபோல, எள்ளைக் குறைப்பது, நல்லெண்ணெய்க்குப் பதில் வேறு எண்ணெய் ஊற்றிவிட்டு லேபிளை மாற்றாமல் விடுவது, இதெல்லாம் வேண்டாம். நான் பார்த்தவரை வாடிக்கையாளர் ஐந்து ரூபாய் ஏற்றத்தை மன்னிப்பார், ருசி மாறினால் ஒன்றும் சொல்லாமல் நின்றுவிடுவார். ஏன் நின்றார் என்றுகூட உங்களுக்குத் தெரியவராது.

பார்சல்: பணம் போகும் வழி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம்.

கொரியர்க்காரர்கள் பெட்டியின் எடையை இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். ஒன்று தராசு எடை. இன்னொன்று அவர்கள் "வால்யூம் வெயிட்" என்று சொல்வது: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுப்பது. பல கம்பெனிகளில் வகுக்கும் எண் 5,000, சிலவற்றில் வேறாக இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். இந்த இரண்டில் எது அதிகமோ அதற்குக் கூலி.

நான்கு பாக்கெட் முறுக்கு, மொத்தம் ஒரு கிலோ, ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கிற பெட்டி 30, 20, 20. பெருக்கினால் 12,000. வகுத்தால் 2.4 கிலோ. கொரியர் அரைக் கிலோவுக்கு 45 ரூபாய் என்றால், 2.4-ஐ இரண்டரைக் கிலோவாக ஏற்றி ஐந்து பங்கு, 225 ரூபாய். அதே நான்கு பாக்கெட்டை 26, 18, 14 அளவுப் பெட்டியில் நெருக்கமாக அடுக்கினால் 6,552, வகுத்தால் 1.31 கிலோ. மூன்று பங்கு, 135 ரூபாய். தராசில் வைத்தாலும் பெட்டியோடு ஒன்றேகால் கிலோ வரும், அதற்கும் மூன்று பங்குதான். அதாவது இந்தப் பெட்டியில் வெற்றிடத்துக்கு நீங்கள் கூலி கொடுக்கவில்லை.

வித்தியாசம் 90 ரூபாய். பாக்கெட்டுக்கு இருபத்திரண்டரை. எண்ணெய் இருபது சதவீதம் ஏறியபோது பாக்கெட்டில் இறங்கியது 2 ரூபாய் 37 காசு. பெட்டி ஒன்றைத் தப்பாக எடுத்தால் அதைப்போல ஒன்பது மடங்குக்கு மேல் போகிறது. எண்ணெய் விலையைத் தினமும் பேப்பரில் பார்க்கிற ஆள் பெட்டிக்கு ஒரு டேப் வைத்து அளந்து பார்த்திருக்கமாட்டார்!

எனவே செய்ய வேண்டியது இது. உங்களிடம் அதிகம் வரும் ஆர்டர்கள் எவை என்று கடந்த இரண்டு மாத நோட்டைப் பாருங்கள். இரண்டு பாக்கெட், நான்கு பாக்கெட், எட்டு பாக்கெட் என்று மூன்று அளவுதான் பெரும்பாலும் இருக்கும். அந்த மூன்றுக்கும் சரியாகப் பொருந்தும் பெட்டி அளவை முதலில் பாக்கெட்டுகளைத் தரையில் அடுக்கி அளந்து தீர்மானியுங்கள். அப்புறம் பெட்டிக்காரரிடம் அந்த அளவுக்குச் செய்யச் சொல்லுங்கள். கடையில் கிடைக்கும் பெட்டிக்கு உங்கள் சரக்கை அடக்குவதுதான் நஷ்டத்தின் ஆரம்பம். பாக்கெட்டில் காற்றடைத்து உப்பவைக்கும் வழக்கம் இருந்தால் எவ்வளவு காற்று என்பதையும் பாருங்கள். முறுக்கு உடையாமல் இருக்கக் கொஞ்சம் காற்று வேண்டும்தான், தலையணை அளவுக்கு வேண்டாம். முறுக்கைச் சின்ன வட்டமாகப் பிழிந்தால் பாக்கெட்டுக்குள் இடைவெளி குறையும், உடைசலும் குறையும்.

அடுத்தது, எதை வெளியூருக்கு அனுப்புவது என்ற முடிவு. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சுக்குமல்லித் தூள் எல்லாம் கனமான, இடத்தை அடைக்காத சரக்கு. ஒரு கிலோ பொடி சின்னப் பெட்டியில் அடங்கிவிடும், விலையும் முறுக்கைவிட அதிகம். முறுக்கும் சீவலும் இடத்தை அடைக்கும், உடையும், விலை குறைவு. என் கருத்து: கொரியரில் பொடியை முன்னால் வையுங்கள், முறுக்கைக் கூடச் சேர்த்து வாங்கும் பொருளாக வையுங்கள். முறுக்கு விற்க வேண்டிய இடம் மதுரைக் கடைகள், திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி போன்ற பக்கத்து ஊர்கள். ஊறுகாய் அனுப்புகிறவர்கள் கண்ணாடிப் பாட்டிலை விட்டுவிட்டு நிற்கும் பவுச்சுக்கு மாறினால் எடையும் குறையும், உடைந்து ஒழுகும் தொல்லையும் போகும். வாயை இரண்டு முறை சீல் போட்டு, ஒரு நாள் தலைகீழாக வைத்துப் பார்த்து அனுப்புங்கள்.

ஸ்பீட் போஸ்ட், தனியார் கொரியர் இரண்டையும் ஊர்வாரியாக ஒப்பிட்டு ஒரு அட்டவணை சுவரில் ஒட்டிவையுங்கள். ஸ்பீட் போஸ்ட் கட்டணம் 2025 அக்டோபர் 1 முதல் மாறிவிட்டது, பழைய பட்டியல் கையில் இருந்தால் கிழித்துவிடுங்கள். எடை கூடக் கூட ஒரு இடத்தில் தபால் மலிவாகவும் இன்னொரு இடத்தில் கொரியர் மலிவாகவும் இருக்கும். அந்தத் திருப்பம் எந்த எடையில் என்பது தெரிந்தால் போதும்.

சென்னைக்கு வாரத்துக்கு இருபது முப்பது ஆர்டர் போகிறது என்றால் ஒவ்வொன்றாகக் கொரியர் போடுவது வீண். லாரி பார்சல் சர்வீசிலோ ஆம்னி பஸ்ஸிலோ அரசு விரைவுப் பேருந்தின் பார்சலிலோ ரயில்வே பார்சலிலோ ஒரே மூட்டையாக அனுப்பி, அங்கே இருக்கும் சித்தப்பாவோ தோழியோ இறக்கி வைத்து, உள்ளூரில் பிரித்துக் கொடுக்கச் செய்யலாம். லாரி சர்வீசில் போடும்போது குடோன் டெலிவரியா, வீட்டு டெலிவரியா, கூலி இங்கேயே கட்டுவதா அங்கே "டூ பே"யா என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். இறக்குக்கூலி தனி என்று அங்கே போய்ச் சொல்வார்கள், முன்பே கேளுங்கள். அங்கே தொடர்ந்து இருப்பு வைத்து விற்பதாக இருந்தால் அந்த முகவரிக்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுக்க வேண்டும்.

பார்சல் கூலியை யார் கொடுப்பது? "டெலிவரி இலவசம்" என்று போட்டால் ஆர்டர் கூடும், உண்மைதான். ஆனால் ஒரே ஒரு பாக்கெட் வாங்குபவருக்கும் இலவசம் கொடுத்தால் கைக்காசு போகும். ஒரு கிலோவுக்கு மேல் வாங்கினால் கூலியில் பாதி நம்முடையது, அதற்குக் கீழே முழுதும் அவருடையது என்று வைத்தால் ஆர்டரின் அளவும் கூடும். பொருள் கைக்கு வந்தபின் பணம் என்ற முறையை அடியோடு விட்டுவிடுங்கள். ஆள் வாங்காமல் திரும்பி வந்தால் போக, வர இரண்டு கூலியும் உங்கள் தலையில். திரும்பி வந்த முறுக்கை மறுபடி விற்கவும் முடியாது. முன்பணம் ஜிபேயில் வந்தபின் பெட்டி கட்டினால் போதும்.

விலை ஏற்றுவது எப்படி

இதற்குப் பயந்துகொண்டே பலர் நஷ்டத்தில் ஓடுகிறார்கள். அடக்க விலை எட்டு சதவீதத்துக்கு மேல் ஏறி ஒரு மாதம் நின்றால் விலையை மாற்றுவது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். எட்டு என்பது என் கணக்கு, உங்கள் லாப அளவைப் பொறுத்து ஆறோ பத்தோ வையுங்கள். முக்கியம், அதை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பது. ஒவ்வொரு முறையும் மனசோடு பேசிக்கொண்டிருந்தால் தள்ளிப்போடத்தான் தோன்றும். இரண்டு வருடம் ஏற்றாமல் இருந்துவிட்டு ஒரே அடியாக இருபது ரூபாய் ஏற்றுவதைவிட, வருடத்தில் இரண்டு முறை ஐந்து ஐந்தாக ஏற்றுவதைக் கடைக்காரர்களும் ஏற்றுக்கொள்வார்கள்.

கடைக்காரரிடம் பதினைந்து நாள் முன்னாலேயே சொல்லுங்கள். "அண்ணாச்சி, வர்ற ஒண்ணாம் தேதியிலேர்ந்து கால் கிலோ பாக்கெட்டுக்கு அஞ்சு ரூபா கூடுது. உங்க கமிஷன்ல மாத்தமில்லை. அதுக்குள்ள வேணும்னா பழைய விலையில ஒரு பெட்டி கூடப் போட்டுட்டுப் போறேன்." இந்தக் கடைசி வரி இருந்தால் முக்கால்வாசிப் பேச்சு முடிந்துவிடும். காரணத்தை விளக்கமாகச் சொல்லி அழ வேண்டாம், அவரும் அதே கீழமாசி வீதியில் வாங்குகிறவர்தான்.

விலையை மாற்றாமல் அளவைக் குறைப்பதும் ஒரு வழி. டீக்கடையில் தொங்கும் பத்து ரூபாய்ச் சரத்துக்கு அது ஒன்றுதான் வழி, பத்து ரூபாயைப் பன்னிரண்டாக்க முடியாது. பாக்கெட் அளவு இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு பட்டியல் 2022-இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் நிகர எடை, அதிகபட்ச விலை, ஒரு கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்பது மூன்றும் லேபிளில் சரியாக இருக்க வேண்டும். கால் கிலோ பாக்கெட்டை 220 கிராமாக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வாங்குகிறவர்கள் தூக்கிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

லேபிளில் ஒரு கண்ணி இருக்கிறது. அச்சான விலைக்கு மேலே கூடுதல் விலை ஸ்டிக்கர் ஒட்டுவது சட்டப்படி கூடாது, குறைப்பதற்கு மட்டுமே ஒட்டலாம். ஐயாயிரம் பவுச்சை விலையோடு அச்சடித்து வைத்துவிட்டு விலை ஏறினால் மாட்டிக்கொள்வீர்கள். விலை, தேதி, லாட் எண் மூன்றுக்கும் இடம் காலியாக விட்டு, கட்டும் நாளில் சின்ன மெஷினில் அடித்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் வெறும் பவுச்சில் லேபிள் ஒட்டுவதே போதும், அச்சுப் பவுச்சில் பணத்தை முடக்க வேண்டாம்.

கடைப் பாக்கி

சரக்கு விலை ஏறும் நாட்களில் பாக்கி இரட்டை நஷ்டம். இரண்டு மாதம் கழித்து வரும் பணத்துக்கு, கொடுத்த அதே அளவு உளுந்து வாங்க முடியாது. சின்னக் கடைகளுக்கு "போன பில்லை முடித்தால் அடுத்த பில்" என்ற வழக்கத்தை முதல் நாளிலிருந்தே வையுங்கள், நடுவில் கொண்டுவந்தால் முகம் சுளிப்பார்கள்.

சூப்பர் மார்க்கெட்டுக்குப் போடுபவர்கள் உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) எடுத்துவிட வேண்டும், அது இலவசம், ஆதாரும் பான் கார்டும் வைத்து இணையத்தில் எடுக்கலாம். 2006-ஆம் ஆண்டின் சிறு தொழில் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்கு வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் வட்டி உண்டு. வருமான வரிச் சட்டத்திலும் அந்தத் தொகையைக் கொடுத்த வருடத்தில்தான் அவர்கள் செலவாகக் காட்ட முடியும் என்ற விதி வந்துவிட்டதால், அவர்களின் ஆடிட்டரே மார்ச் மாதம் உங்களைத் தேடுவார். பில்லில் உங்கள் உத்யம் எண்ணைத் தெளிவாக அச்சடியுங்கள்.

கடன், மானியம்

பிரதமர் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் திட்டத்தில் இயந்திரத்துக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் கொடுத்தார்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ஒத்தக்கடை அருகே வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் உணவுத் தொழில் தொடங்குபவர்களுக்கான மையம் இருக்கிறது, இயந்திரம் வாங்குமுன் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் பாக்கெட்டுக்குப் பாக்கெட் நஷ்டம் வருகிறபோது பெரிய மெஷின் வாங்கினால் நஷ்டம் வேகமாக வரும். கணக்கு நேரானபின் வாங்குங்கள்.

தீபாவளி

புதியவர்கள் வருட விற்பனையில் பெரிய பங்கை இந்த ஒரு மாதத்தில் விற்பார்கள், அதே மாதத்தில்தான் எண்ணெய், கூலி, பெட்டி, பார்சல் நான்கும் சேர்ந்து ஏறும். பெட்டியையும் லேபிளையும் ஆவணியிலேயே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். அலுவலகங்கள், ஜவுளிக்கடைகள் பரிசுப் பெட்டிக்கு விலை கேட்டால் "இந்த விலை பத்து நாளுக்கு" என்று தேதி போட்டுக் கொடுங்கள், பாதிப் பணம் முன்னால் வாங்குங்கள். அந்த முன்பணம் வந்த அன்றே அந்த ஆர்டருக்கான எண்ணெயையும் வெண்ணெயையும் வாங்கி ஒதுக்கிவிடுங்கள். விலை ஏறினாலும் அந்த ஆர்டரின் கணக்கு மாறாது. வெளியூர்ப் பார்சலுக்குக் கடைசித் தேதியைத் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னதாகவே அறிவித்துவிடுங்கள். அதற்குப்பின் வரும் வெளியூர் ஆர்டரை, யார் கேட்டாலும், அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். கடைசி நாட்களில் கொரியர் குடோனில் கிடக்கும் பெட்டிக்கு மறுபடி சுட்டு அனுப்பும் செலவு உங்களுடையதாகத்தான் இருக்கும்.